பாரிஸ் தேசிய நூலகத்தில் மூன்று நாள்: ஆய்வாளர் அல்லாதவர் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாரிஸில் மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது, அங்குள்ள தேசிய நூலகத்தில் பழைய ஓவியங்களும் வரைபடங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், ஆய்வாளர் இல்லாத ஒருவர் அவற்றைப் பார்க்க முடியுமா? மேலுக்கு இது "உள்ளே விடுவார்களா" என்ற கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பாதி இடத்துக்கு விடுவார்கள், மீதிக்குக் காரணம் கேட்பார்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்கிற ஒரு கிடங்கில், என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைக் கேட்பது? இந்தப் பதில் நீளமானதற்கு அந்த இரண்டாவது கேள்விதான் காரணம்.

முதலில் என்னைப் பற்றி. சுவடிகளுக்கும் பழைய அச்சுநூல்களுக்கும் பட்டியல் போடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். பிரெஞ்சு வாசிப்பேன், பேசினால் தடுமாறுவேன். தமிழ்ச் சுவடி பற்றிச் சொல்வதை நம்பலாம். நாணயம், நகைக்கல், மேலை ஓவியம் என் துறை இல்லை. அங்கெல்லாம் நானும் உங்களைப் போலக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன்தான்.

அந்த நூலகம் ஒரே கட்டடம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஆற்றோரம் திறந்த புத்தகங்கள் போல நான்கு கோபுரங்கள் நிற்கிற பிரான்சுவா மித்தரான் வளாகம் 1990களில் வந்தது. அச்சுநூல்களில் பெரும்பகுதி அங்கே. உங்களுக்கு வேண்டியது நகரின் நடுவில், பாலே ரோயால் பக்கத்தில் உள்ள பழைய ரிஷலியு வளாகம். கையெழுத்துப் பிரதிகள், அச்சுப் படங்கள், புகைப்படங்கள், வரைபடங்கள், நாணயங்கள் எல்லாம் அங்கேதான். பல வருட மராமத்துக்குப் பிறகு 2022 செப்டம்பரில் முழுதாகத் திறந்தார்கள். அங்குள்ள நீள்வட்ட மண்டபத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். அட்டை வேண்டாம், காசு வேண்டாம். சும்மா உட்கார்ந்து மேலே பார்த்தாலே போதும். அதே கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். மசாரின் கூடத்தின் விதானத்தில் ரொமனெல்லி 1640களில் தீட்டிய ஓவியங்களை, கழுத்து வலித்தாலும் பரவாயில்லை என்று, பொறுமையாகப் பாருங்கள்.

நூலகத்தில் எதற்கு நகையும் நாணயமும் என்று தோன்றும். அரசர்களின் புத்தகமும் அரசர்களின் அபூர்வப் பொருள்களும் ஒரே வீட்டுச் சொத்தாக இருந்ததால், இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. இந்தப் பொருள்களைப் பார்க்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர்ப்பலகையில் "என்று சொல்லப்படும்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு தந்த யானை. மேலே அரசன், சுற்றிலும் குதிரை வீரர்கள், அடியில் யூசுப் அல் பாஹிலி செய்தது என்று அரபு எழுத்து. சார்லமேன் பேரரசரின் சதுரங்கக் காய் என்று பல நூற்றாண்டு சொல்லி வந்தார்கள். பொருள் உண்மை, எழுத்து உண்மை, சான் தெனி மடத்துக் கருவூலத்திலிருந்து வந்தது என்பதும் உண்மை. சார்லமேனுக்கும் அதற்கும் இருந்த உறவுதான் கதை. காலம் பற்றியும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பக்கத்தில் தகோபேர் அரசரின் வெண்கலச் சிம்மாசனம் என்று ஒன்று இருக்கும். கைப்பிடியும் சாய்வும் பிற்காலத்தில் சேர்த்தவை. ஆனால் 1804-இல் நெப்போலியன் பூலோன் முகாமில் விருது வழங்கும்போது அதில் உட்கார்ந்தது பதிவான செய்தி. ஏழாம் நூற்றாண்டு அரசர் உட்கார்ந்தாரா என்பதற்கு அந்த அளவுக்குச் சாட்சி கிடையாது. பெரிய கேமியோ என்கிற செதுக்குக்கல் அப்படியில்லை. ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தது, சுமார் 31 செ.மீ. உயரம், பழங்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்தவற்றில் ஆகப் பெரியது. 1804-இல் இதைத் திருடிக்கொண்டு போய், ஆம்ஸ்டர்டாமில் மீட்டார்கள். அந்தக் கல்லில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் மட்டும் இன்னும் சண்டை.

காகிதத்தில் உள்ளவற்றை மட்டும் "போனால் பார்த்துவிடலாம்" என்று நம்பிப் போகாதீர்கள். ஓவியம், அச்சுப் படம், சுவடி இவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அதுவும் சில மாதம்தான். அப்புறம் இருட்டுக்குத் திரும்பிவிடும். நீங்கள் போகும் வாரத்தில் எது வெளியே இருக்கிறது என்பது அதிர்ஷ்டம். அச்சுப் படப் பிரிவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் படங்கள் உள்ளன. 1667-இல் மரோல் என்ற துறவி சேர்த்து வைத்திருந்த 1,20,000-க்கும் மேற்பட்ட படங்களை அமைச்சர் கொல்பேர் மொத்தமாக அரசருக்கு வாங்கினார், அதுதான் ஆரம்பம். இதில் சுவரில் தொங்குவது கடலில் ஒரு துளி.

அதனால் பயணத்துக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள். காலிக்கா என்பது இந்த நூலகத்தின் இலவச மின்னூலகம், 1997-லிருந்து நடக்கிறது, இப்போது ஒரு கோடிக்கும் மேல் ஆவணங்கள் அதில் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், வணிக நோக்கம் இல்லையென்றால் மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். நேரில் போனாலும் கையில் தரத் தயங்கும் பொருள்களை இங்கே எவ்வளவு கிட்டத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, தேடுவது எப்படி? இதில்தான் நான் முட்டாள்தனமாக இரண்டு நாளைத் தொலைத்தேன். தமிழ் என்ற இன்றைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தேன், பாதிதான் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கு நம் மொழி "மலபார்". மலையாளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர்கள் மலபார் எழுத்து என்று எழுதியது பெரும்பாலும் தமிழைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் "தமூல்" என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். ஊர்ப் பெயர்களும் அப்படியே: தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரு ஊரைத் தேடும்போது நான்கு விதமாகவாவது எழுதிப் பாருங்கள். தமிழ்ச் சுவடிகளின் அடுக்கு எண் "இந்தியன்" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் தொடங்கும். ஆனால் கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிச் சுவடிகள், அவற்றில் சிலவற்றில் தமிழ்க் குறிப்பு இருந்தாலும், சமஸ்கிருத அடுக்கில் இருக்கும். ஒரே வீட்டிலிருந்து வந்த கட்டுகூட இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கலாம். 1912-இல் கபத்தோன் வெளியிட்ட சுருக்கப் பட்டியல் இன்றும் நல்ல வழிகாட்டி. தலைப்புகள் சில இடத்தில் தப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கையோடு பாருங்கள்.

இந்தச் சுவடிகள் அங்கே எப்படிப் போயின? இரண்டு அலைகளாகச் சொல்லலாம். 1730-களில், அரச நூலகத்தின் தலைவராக இருந்த பிஞ்ஞோன் இந்தியாவிலிருந்து நூல்கள் வேண்டும் என்று கேட்க, இங்கிருந்த சேசு சபைப் பாதிரியார்கள் வாங்கியும் படியெடுக்கச் செய்தும் கப்பலில் அனுப்பினார்கள். கால்மெத் என்ற பாதிரியார் வேதத்தின் பிரதிகளையும் அனுப்பினார். இவை 1739-இல் அச்சான அரச நூலகப் பட்டியலில் ஏறிவிட்டன. அடுத்த அலை நூறு ஆண்டு கழித்து. எதுவார் அரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி புதுச்சேரியில் வேலை பார்த்தவர். 1818-இல் பிறந்து 1854-இல் இறந்துவிட்டார், முப்பத்தாறு வயது. அதற்குள் திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1848-இல் வெளியிட்டார், சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு அவர் எடுப்பித்த படியும் பாரிஸில்தான் இருக்கிறது. தன் காலத்து அதிகாரிகளில் பலர் வேட்டைக்குப் போன நேரத்தில் இவர் ஏடு தேடிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

ஓலையைத் திரையில் திறந்ததும் ஒரு ஏமாற்றம் வரும்: தமிழ்தான், ஆனால் படிக்க முடியாது. உங்கள் தப்பில்லை. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. பொன், போன, பேரன் இந்த மூன்றும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். முன்பின் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நூலின் நடுவில் குதிக்காமல் முதல் ஓலையைப் பாருங்கள். "ஹரி ஓம்", "நன்றாக", "குரு வாழ்க", "குருவே துணை" மாதிரி ஏதாவது இருக்கும். தெரிந்த சொற்களைக் கொண்டு அந்தக் கையின் எழுத்தைப் பழகிக்கொள்ளலாம். இடது ஓரத்தில் ௧, ௨, ௩ என்று ஓலை எண் இருக்கும். திரையில் காட்டும் பட எண் வேறு, ஓலை எண் வேறு. குறித்துக்கொள்ளும்போது இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம் கடைசி ஓலை. எழுதியவர் பெயர், ஊர், எழுதி முடித்த நாள் இவை இருந்தால் அங்கேதான் இருக்கும். சமயத்தில் யாருக்காக எழுதினார் என்பதும், பிழை பொறுக்க வேண்டும் என்ற வேண்டுதலும்கூட. ஆனால் தேதியில் பலரும் வழுக்கி விழுகிறார்கள். விகாரி வருஷம் ஆடி மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1719-ஆக இருக்கலாம், 1779-ஆக இருக்கலாம், 1839-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். கொல்லம் ஆண்டு சேர்த்து எழுதியிருந்தால் 824 அல்லது 825 கூட்டிக் கணக்குப் போட்டுவிடலாம். இல்லையென்றால், அந்தச் சுவடி பாரிஸ் வந்த காலம் தெரிந்தால் மேல் எல்லையாவது கிடைக்கும். 1739 பட்டியலில் உள்ள சுவடி 1779-இல் எழுதியதாக இருக்க முடியாது, அவ்வளவுதான் தர்க்கம். சுவடி என்றதும் ஆயிரம் ஆண்டுப் பழமையை எதிர்பார்க்கவும் வேண்டாம். நம் வெப்பத்திலும் பூச்சியிலும் ஓலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. நூல் சங்க காலத்ததாக இருக்கும், கையிலுள்ள ஓலை பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படி. இந்தச் சுவடிகளின் முகப்புப் பாடல்கள், முடிவுக் குறிப்புகள் இவற்றை மட்டும் தொகுப்பதற்கென்றே பாரிஸ், ஹாம்பர்க் நூலகச் சுவடிகளை வைத்து ஒரு பிரெஞ்சு - ஜெர்மன் கூட்டுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஓரக் குறிப்புக்கு இவ்வளவு மரியாதை வந்தது என் காலத்தில்தான்.

இனி ஓவியம். தமிழ்நாட்டோடு ஒட்டு உள்ள ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நிக்கோலாவ் மனூச்சி வெனிஸ் நகரத்துக்காரர். சிறு வயதில் இந்தியா வந்து, முகலாயர் அரண்மனைகளில் பீரங்கிக்காரராகவும் வைத்தியராகவும் இருந்துவிட்டு, 1686-இல் சென்னைப்பட்டணத்தில் குடியேறியவர். அதற்கு முன்பே, இளவரசர் ஷா ஆலமின் வீட்டிலிருந்த மீர் முகம்மது என்ற நண்பரைக் கொண்டு தைமூர் முதல் ஔரங்கசீப் வரையான அரசர்களின் உருவங்களைத் தீட்ட வைத்தார். அந்தத் தொகுப்பு இப்போது ரிஷலியுவின் அச்சுப் படப் பிரிவில் இருக்கிறது, காலிக்காவிலும் பார்க்கலாம். எப்படி வந்தது? மனூச்சி தன் எழுத்தை முதலில் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே ஒரு பாதிரியார் அதைத் தன் போக்கில் மாற்றி 1705-இல் அச்சிட்டுவிட்டார். கோபம் வந்த மனூச்சி ஓவியத் தொகுப்பை வெனிஸ் அரசுக்கு அனுப்பினார். 1797-இல் நெப்போலியன் படை வெனிஸைப் பிடித்தபோது பிரெஞ்சு அதிகாரிகள் பொறுக்கி எடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனவற்றில் அதுவும் ஒன்று. ஆக, இந்த நூலகத்தில் உள்ள இந்தியப் பொருள்களில் போரில் எடுத்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இது, இந்தியாவிலிருந்து எடுத்தது இல்லை, இத்தாலியிலிருந்து எடுத்தது.

"எல்லாம் திருட்டுதானே" என்று உங்கள் கேள்வியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தனிப் பயணம் உண்டு. சில விலைக்கு வாங்கியவை, சில காசு கொடுத்துப் படியெடுக்கச் செய்தவை, சில அன்பளிப்பு, சில வாள்முனையில். ஆட்சி கையில் உள்ளவன் கேட்கும்போது விற்பவனுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பது நியாயமான சந்தேகம். அதை நானும் விடமாட்டேன். ஆனால் மொத்தமாக ஒரு முத்திரை குத்துவது, அந்தக் கட்டைத் திறந்து பார்க்காமலே முடிவு சொல்வதாகிவிடும்.

முத்திரை என்றதும் நினைவு வருகிறது. படத்தைப் பார்க்கும்போது ஓரத்தில் உள்ள சிவப்பு, கறுப்பு நூலக முத்திரையைத் தவறவிடாதீர்கள். பிரான்ஸில் ஆட்சி மாற மாற அந்த நூலகத்தின் பெயரும் மாறியது: அரச நூலகம், புரட்சிக்குப் பின் தேசிய நூலகம், நெப்போலியனுக்குக் கீழே பேரரசு நூலகம், மறுபடி அரச நூலகம், இப்படி. முத்திரையும் கூடவே மாறியது. எந்த ஆட்சியின் முத்திரை என்று பார்த்தாலே பொருள் எப்போது உள்ளே வந்தது என்று தோராயமாகப் பிடித்துவிடலாம். பட்டியலில் ஒரு வரிகூட இல்லாத பொருள்களுக்கு இதைக்கொண்டே காலம் குறித்திருக்கிறேன்.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக. புதுச்சேரிக் கோட்டையின் பதினெட்டாம் நூற்றாண்டுத் திட்டப்படங்கள் காலிக்காவில் நிறைய உண்டு. தான்வீல் என்ற பிரெஞ்சு வரைபடக்காரர் 1753-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். இந்தியாவுக்கு வராமலே, பயணிகளின் குறிப்புகளையும் பாதிரியார் கடிதங்களையும் ஒப்பிட்டு வரைந்தவர். தெரியாத இடத்தில் மலையும் யானையும் போட்டு நிரப்பாமல் வெறுமையாக விட்டவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு மாலை போய்விடும்.

மூல ஓலையையே கையில் எடுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால்: ஆய்வு அறைக்குத் தனி வாசகர் அட்டை வேண்டும், அதற்கு நீங்கள் எதைத் தேடுகிறீர்கள், ஏன் என்று சொல்ல வேண்டும். பட்டம் இருந்தால் எளிது, இல்லாவிட்டாலும் தெளிவான காரணமும் அடுக்கு எண்ணும் இருந்தால் பேசிப் பார்க்கலாம். இணையத்தில் படம் உள்ள சுவடிக்கு மூலத்தைத் தருவது அரிது. அதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஓலை ஒவ்வொரு முறை வளையும்போதும் கொஞ்சம் உடைகிறது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பென்சில் மட்டும்தான் அனுமதி, பை வெளியே, கை சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். வெள்ளைக் கையுறை சினிமாவில்தான்; உறை போட்ட விரலுக்கு ஓலையின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடுவோம்.

மூன்று நாளை நானாக இருந்தால் இப்படிச் செலவழிப்பேன்: ஒரு முழு நாள் ரிஷலியு அருங்காட்சியகமும் நீள்வட்ட மண்டபமும், ஒரு அரை நாள் மித்தரான் வளாகத்தில், பதினான்காம் லூயிக்காகக் கொரொனெல்லி 1680-களில் செய்த, நான்கு மீட்டர் அளவுக்கு விட்டமுள்ள இரண்டு உருண்டைகள், ஒன்றில் பூமி, ஒன்றில் வானம். மீதி நேரத்துக்குப் பாரிஸில் வேறு வேலை இருக்கும். சுவடியை ஊரிலிருந்தே, கிளம்பும் முன் இரவுகளில், திரையில் பாருங்கள். ஏதாவது ஓலையில் சிக்கிக்கொண்டால் அடுக்கு எண்ணையும் ஓலை எண்ணையும் இங்கே எழுதுங்கள். கடைசி ஓலையாக இருந்தால் சீக்கிரம் பதில் போடுவேன், எனக்கே ஆவல் தாங்காது.